நரம்பில் ஓடுவது மின்சாரமா?



மருத்துவமனையில் இரத்தம் எடுக்க வரும் தாதி நம் முழங்கையின் உட்புறத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அவர் தேடுவது இரத்தக் குழாயை. வயதானவர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்கிறார். அவர் சொல்வது தசையை. வெற்றிலையின் முதுகில் நாம் கிள்ளி எறிவதும் நரம்புதான். பழந்தமிழில் யாழில் கட்டிய தந்திக்கும் அதுவே பெயர். நீண்டதாய், மெல்லியதாய், முறுக்கேறியதாய் உள்ள எதற்கும் தமிழர் இந்தப் பெயரை வைத்தனர். இதில் நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நியூரான் என்னும் அறிவியற் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லும் தொடக்கத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்ததே. எனினும் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியருக்கு இது ஒரு சிக்கல். மாணவர் மனத்தில் நரம்பு என்றால் புறங்கையில் புடைத்து நிற்கும் நீல நிறக் குழாய். அதற்குள் மின்சாரம் ஓடுகிறது என்று நாம் சொன்னால், அவர் எதைக் கற்பனை செய்துகொள்வார்?

வார இறுதியில் படிவம் நான்கு மாணவர்களுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து உயிரியல் வகுப்பு நடத்துவதுண்டு. அங்கு ஒரு மாணவி எழுந்து, ‘நரம்பு முழுவதும் மின்சாரம் ஓடுகிறது என்றால், நமக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை?’ என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டு, ‘அது மிகக் குறைந்த மின்சாரம்’ என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அந்த விடை தவறில்லை. ஆனால் அது விடையும் இல்லை. அவள் கேட்டது அளவைப் பற்றியன்று, தன்மையைப் பற்றி. அவளுக்குத் தர வேண்டியிருந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம். சற்றுக் காலம் கடந்த விடை.

முதலில் ஒரு கணக்கு. செம்புக் கம்பியில் மின்சைகை வினாடிக்கு இலட்சக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நரம்பில் எவ்வளவு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இதை அளக்கவே முடியாது என்று பெரிய அறிஞர்கள் கருதினர். நினைத்தவுடன் விரல் அசைகிறதே, இடையில் நேரம் எங்கே இருக்கிறது? 1850ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் தவளையின் காலில் இருந்து நரம்பைத் தசையோடு பிரித்தெடுத்தார். நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும், தொலைவில் ஒருமுறையும் தூண்டி, தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரங்களின் வேறுபாட்டைக் கண்டார். கிடைத்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். நெடுஞ்சாலையில் செல்லும் காரின் வேகம்! கம்பியில் ஓடும் மின்சாரத்தோடு இதை ஒப்பிடவே இயலாது.

நம் உடலிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரவில் விளக்கைப் போடாமல் நடந்து மேசைக்காலில் கால் விரலை இடித்துக்கொள்ளும்போது, இடித்தோம் என்பது முதலில் தெரிகிறது. ‘இதோ வரப்போகிறது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். பிறகுதான் அந்த மந்தமான, எரிச்சல் மிகுந்த வலி வந்து சேர்கிறது. தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த இழைகள் வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்புகின்றன. எரியும் வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளோ வினாடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்கின்றன. நாம் நடக்கும் வேகம்தான். பாதத்திலிருந்து தலைக்கு வர அவற்றுக்கு ஒரு வினாடிக்கு மேலும் ஆகிறது. நரம்பு மின்கம்பி அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பறையில் கிடைப்பது அரிது.

கம்பியாகப் பார்த்தாலும் நரம்பு மிக மோசமான கம்பி. நரம்பு உயிரணுவின் நீண்ட இழையை ஆக்சான் என்கிறோம். அதன் உள்ளே இருப்பது உப்புநீர். செம்பைக் காட்டிலும் பல மில்லியன் மடங்கு மின்தடை உடையது. அதைச் சுற்றியுள்ள சவ்வும் ஓட்டை விழுந்த தோட்டக்குழாய் போல வழிநெடுகக் கசியும். ஒரு முனையில் கொடுத்த மின்னழுத்தம் சில மில்லிமீட்டர் போவதற்குள் தேய்ந்து மறைந்துவிடும். அப்படியிருக்க, முதுகுத்தண்டிலிருந்து கால் வரைக்கும் ஒரு மீட்டர் நீளத்திற்குச் சைகை சிறிதும் குறையாமல் எவ்வாறு போய்ச் சேர்கிறது?

இதற்கு விடை காண, முதலில் சவ்வைப் பார்க்க வேண்டும். நரம்பு உயிரணுவைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. அதன் தடிப்பு ஏறத்தாழ 7 நானோமீட்டர். சவ்வின் இருபுறமும் உப்புநீரே. ஆனால் உப்பு வேறு. உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியில் உள்ளதைப்போல ஏறத்தாழ 30 மடங்கு. வெளியே சோடியம் மிகுதி, உள்ளே உள்ளதைப்போல 10 மடங்கு அளவு. இவை இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள். கொழுப்பை ஊடுருவி அவை செல்ல முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் தரும் வழியாகவே செல்ல முடியும். இவ்வழிகளை நூல்கள் கால்வாய் என்றும் தடம் என்றும் அழைக்கின்றன. கால்வாய் எப்போதும் திறந்தே கிடக்கும். இவையோ திறந்து மூடுபவை, ஆளைப் பார்த்து விடுபவை. ஆகவே வாயில் என்ற சொல்லையே நாங்கள் விரும்புகிறோம்.

ஓய்வில் இருக்கும் நரம்பு உயிரணுவில் பொட்டாசியத்தின் வாயில்கள் சில திறந்திருக்கின்றன. நெரிசல் மிகுந்த உள்ளிடத்திலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியேறும் ஒவ்வோர் அயனியும் ஒரு நேர்மின்னேற்றத்தை எடுத்துச் செல்வதால் உட்புறம் எதிர்மின்தன்மை அடைகிறது. அந்த எதிர்மின்தன்மையே வெளியேற முயலும் பொட்டாசியத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் ஏறத்தாழச் சமமாகும் இடத்தில் ஓட்டம் அடங்குகிறது. அப்போது உட்புறம் வெளிப்புறத்தைவிட 70 மில்லிவோல்ட்டு அளவு தாழ்ந்திருக்கும். இதுவே ஓய்வுநிலை மின்னழுத்தம். இந்த அளவை எட்டுவதற்கு வெளியேற வேண்டிய பொட்டாசியம் மிகச் சொற்பம். உள்ளிருக்கும் கையிருப்பு குறைந்ததாகவே தெரியாது.

70 மில்லிவோல்ட்டு என்பது கைவிளக்கு மின்கலத்தின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. சிறியதுதான். ஆனால் அது நிற்பது 7 நானோமீட்டர் தடிப்பின் குறுக்கே. ஒரு மீட்டருக்கு என்று கணக்கிட்டால் 10 மில்லியன் வோல்ட்டு! காற்றில் மின்பொறி பாயத் தேவையானது மீட்டருக்கு 3 மில்லியன் வோல்ட்டுதான். அதைவிட வலிய மின்புலத்தை நம் உடலின் ஒவ்வொரு நரம்பு உயிரணுவும் ஓசையின்றித் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், கடைசி வரிசையில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறோம்.

இனிச் சைகை. இதைக் கண்டறிந்த கதைக்குக் கணவாய் மீன் பெரிதும் துணைநின்றது. நம் ஈரச்சந்தையில் சோத்தோங் என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் இனம்தான். நம் உடலின் ஆக்சான்கள் மிக மெல்லியவை. தடித்தவையும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதற்குள் கருவியை நுழைப்பது எப்படி? 1936இல் யங் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர், கணவாயின் உடலில் இரத்தக் குழாய் என்று எண்ணத்தக்க அளவுக்குத் தடித்த இழைகள் உண்மையில் ஆக்சான்களே என்று எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீட்டர் வரை தடிப்பு! ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிக்கொண்டு தப்பியோட அதற்கு விரைவான சைகை தேவை. தடித்த இழையில் சைகை விரைந்து செல்லும்.

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வுக்கூடத்தில் இரண்டு இளைஞர்கள் அந்த இழைக்குள் ஒரு நுண்ணிய மின்முனையை நீளவாக்கில் செலுத்தினர். ஆலன் ஹாட்ஜ்கினுக்கு வயது 25, ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. சைகை கடக்கும்போது சவ்வு ஒரு கணம் எல்லா அயனிகளுக்கும் வழிவிட்டு, உள்ளும் புறமும் சமமாகி, மின்னழுத்தம் சுழியத்திற்கு வரும் என்பது பெர்ன்ஸ்டைன் 1902இல் முன்வைத்த கொள்கை. அவர்கள் கண்டதோ வேறு. மின்னழுத்தம் சுழியத்தோடு நிற்கவில்லை. அதையும் தாண்டி, உட்புறம் 40 மில்லிவோல்ட்டு அளவுக்கு நேர்மின்தன்மை அடைந்து, பிறகு விழுந்தது. சமன் செய்தல் என்னும் விளக்கம் பொய்த்தது. ஏதோ ஒன்று உள்ளே பாய்கிறது. எது?

கண்டுபிடிக்க அவகாசம் இல்லை. செப்டம்பர் முதல் நாள் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. அளந்ததை மட்டும் காரணம் சொல்லாமல் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டுவிட்டு இருவரும் போர்ப்பணிக்குப் போயினர். 1945இல் எழுதிய விரிவான கட்டுரையில் அவர்கள் தந்த விளக்கங்களுள் சரியானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேதைகளும் தவறாக ஊகித்தார்கள் என்று மாணவர்க்குச் சொல்வதில் நமக்கு ஏனோ தயக்கம் இருக்கிறது. இத்தனைக்கும் விடையின் ஒரு நுனி 1902லேயே வெளிவந்திருந்தது. சோடியம் இல்லாத கரைசலில் தவளையின் தசை தூண்டுதலுக்கு இசைவதில்லை என்று ஓவர்ட்டன் எழுதியிருந்தார். அது கவனிப்பாரற்றுக் கிடந்தது.

போர் முடிந்தபின் ஹாட்ஜ்கினும் கட்ஸும் கடல்நீரில் ஒரு பகுதியை நீக்கி, உப்பில்லாத சர்க்கரைக் கரைசலை அதற்கு ஈடாகச் சேர்த்துப் பார்த்தனர். சோடியம் குறையக் குறையச் சைகையின் உயரமும் குறைந்தது. 1949இல் அம்முடிவு வெளியானது. உள்ளே பாய்வது சோடியம்.

நடப்பது இதுதான். சவ்வில் இன்னொரு வகை வாயில்கள் உள்ளன. அவை சோடியத்துக்கு மட்டும் உரியவை, ஓய்வில் மூடியிருப்பவை. அவற்றின் தாழ்ப்பாள் மின்னழுத்தமே. ஏதோ ஒரு தூண்டலால் உட்புற மின்னழுத்தம் –70இலிருந்து –55 அளவுக்கு உயர்ந்தால் அவற்றுள் சில திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. நேர்மின்னேற்றம் உள்ளே வருவதால் மின்னழுத்தம் மேலும் உயர்கிறது. அந்த உயர்வு மேலும் பல வாயில்களைத் திறக்கிறது. அவற்றின் வழியே இன்னும் சோடியம். ஒரு மில்லிவினாடிக்குள் வெள்ளம் கரைபுரண்டு, உட்புறம் நேர்மின்தன்மைக்குத் தாவுகிறது. பின்னர் இரண்டு நிகழ்கின்றன. சோடிய வாயில்கள் தாமாகவே அடைபட்டு, சிறிது நேரம் எந்தத் தூண்டலுக்கும் திறக்க மறுக்கின்றன. சற்றுச் சோம்பலாகத் திறக்கும் பொட்டாசிய வாயில்கள் அப்போதுதான் அகலத் திறந்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தையே செயல்நிலை மின்னழுத்தம் என்கிறோம்.

இதில் பாதி ஏற்றம், கால் ஏற்றம் என்பது கிடையாது. எல்லையைத் தொட்டால் முழு வெள்ளம். தொடாவிட்டால் ஒன்றும் இல்லை. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஓர் இழையில் ஒவ்வொரு துடிப்பின் உயரமும் ஒன்றே. வன்மை கூடினால் வினாடிக்கு வரும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடும் என்று 1926இல் அட்ரியன் காட்டினார்.

இனி, சைகை எவ்வாறு தேயாமல் செல்கிறது என்ற வினாவுக்கு வருவோம். கம்பியை மறந்துவிட்டுப் பட்டாசுத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1972 முதல் பட்டாசுக்குத் தடை இருப்பதால், அங்கிருந்து வந்திருக்கும் மாணவர்கள் தாத்தா பாட்டியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திரியின் ஒரு முனையில் பற்றவைத்த நெருப்பு மறுமுனைக்கு ஓடுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் உள்ள மருந்து அங்கேயே எரிகிறது. அந்தச் சூடு பக்கத்து மருந்தைப் பற்றவைக்கிறது. அதனால் திரி எவ்வளவு நீளமானாலும் கடைசிப் பொறி முதற்பொறியைப் போன்றே பிரகாசமாக இருக்கிறது. நரம்பிலும் அவ்வாறே. ஓரிடத்தில் உள்ளே புகுந்த சோடியத்தின் மின்னேற்றம் அடுத்த இடத்து மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்துகிறது. அங்குள்ள வாயில்கள் திறக்கின்றன. அங்கே புதிய வெள்ளம். பின்னால் உள்ள வாயில்கள் அடைபட்டிருப்பதால் சைகை திரும்பி ஓட வழியில்லை.

அந்த மாணவிக்குரிய விடை இங்கேதான் இருக்கிறது. ஆக்சானின் நீளத்துக்கு ஓடிச் செல்லும் மின்னோட்டம் என்று ஒன்று இல்லை. அயனிகள் சவ்வின் குறுக்கே, உள்ளும் புறமுமாக, இருந்த இடத்திலேயே கடக்கின்றன. அரங்கில் எழும் கைகளின் அலை போல, நகர்வது நிகழ்ச்சி, ஆட்கள் அல்லர். ஒவ்வோர் இடத்திலும் உள்ள மின்னழுத்த மாற்றம் பத்தில் ஒரு வோல்ட்டு அளவே. அதுவும் மிகச் சிறிய வட்டத்துக்குள் சுற்றி அடங்கிவிடுகிறது. அந்த வட்டங்களிலிருந்து வெளியே கசிவது மிகச் சொற்பம். ஆனால் இந்த உயிரணுக்களை மின்கலங்கள் போல வரிசையில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் இயக்கினால்? அமேசான் ஆற்றின் மின்விலாங்கு அதைச் செய்கிறது. தசையிலிருந்து உருமாறிய ஆயிரக்கணக்கான உயிரணுக்களை அடுக்கி 600 வோல்ட்டையும் எட்டுகிறது. அதனிடம் ஷாக் அடிக்கும்! ஆகவே அவளுடைய கேள்வி சிரிக்க வேண்டிய கேள்வி அன்று.

திரி உவமை ஓரிடத்தில் பொருந்தாது. எரிந்த திரி மீண்டும் எரியாது. நரம்போ சில மில்லிவினாடிகளில் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றுவதற்கு ஓர் இறைப்பி உண்டு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்தப் புரதத்தை 1957இல் டென்மார்க்கின் ஸ்கூ கண்டறிந்தார். இந்த இறைப்பிதான் துடிப்பை உண்டாக்குகிறது என்று சில மாணவர்கள் தேர்வில் எழுதுகின்றனர். அது பிழை. இறைப்பியை நஞ்சிட்டு நிறுத்தினாலும் கணவாயின் தடித்த ஆக்சான் இருக்கும் கையிருப்பைக் கொண்டே ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பும். இறைப்பி தொட்டியை நிரப்புகிறது. குழாயைத் திறப்பது வேறு.

1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இவை அனைத்தையும் சமன்பாடுகளாக வடித்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி அப்போது மாற்றியமைக்கும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப்பொறியைக் கொண்டு வாரக்கணக்கில் கணக்கிட்டார். கணவாயின் ஆக்சானில் சைகையின் வேகம் வினாடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்கு சொன்னது. உண்மையில் அளந்தபோது 21.2 மீட்டர். வாயில்களைக் கண்ணால் காணாமல், அவை புரதங்கள் என்றும் உறுதியாக அறியாமல், சமன்பாட்டின் வழியே இவ்வளவு நெருங்கியதை நாங்கள் பலமுறை வியந்திருக்கிறோம். 1963இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஒற்றை வாயில் திறந்து மூடுவதை நேரில் பதிவுசெய்ய 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வாயில்களின் அருமை, அவை அடைபடும்போது தெரிகிறது. பல் மருத்துவர் ஈற்றில் ஊசி போடுகிறார். சிறிது நேரத்தில் கன்னம் மரத்துப்போகிறது. ஊசியில் இருக்கும் லிக்னோகேயின் சோடிய வாயிலுக்குள் உட்புறமாகச் சென்று அடைத்துக்கொள்கிறது. பல்லில் வலி இருக்கிறது. அதைச் சொல்ல வாய் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் மருந்து விலக, வாயில் திறக்கிறது.

பேத்தை மீன் செய்வதும் இதையேதான், கொடிய முறையில். மலாய்மொழியில் ஈக்கான் புந்தால் எனப்படும் அம்மீனின் ஈரலிலும் சினையிலும் உள்ள டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு, சோடிய வாயிலின் வெளிப்புறத்தில் தக்கை போலப் பொருந்திவிடுகிறது. 1964இல் நாராஹாஷியும் அவருடைய குழுவினரும் இதை நிறுவினர். சமைப்பதால் அந்த நஞ்சு அழிவதில்லை. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால்கள் தளரும். இறுதியில் மூச்சை இழுக்கும் தசைக்குச் செல்லும் சைகையும் நின்றுவிடும். உண்டவர் பெரும்பாலும் அதுவரை தன்னினைவோடு இருப்பார் என்பதுதான் மிகவும் துயரமானது. மாற்று மருந்து இல்லை. நஞ்சு வெளியேறும் வரை செயற்கை மூச்சுக் கொடுத்துக் காப்பதே வழி. 2023இல் ஜொகூரில் இம்மீனை உண்ட முதிய தம்பதியர் இருவரும் இறந்த செய்தியை நாளேடுகளில் படித்தோம். அந்த மீன் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் சோடிய வாயில்கள் நம்முடையவற்றிலிருந்து சிறிதே வேறுபட்டவை. அந்தத் தக்கை அங்கே பொருந்துவதில்லை.

கணவாய் இழையைத் தடிக்கச் செய்து வேகம் பெற்றது. நமக்கு அது இயலாது. முதுகுத்தண்டு மரம்போல் பருத்திருக்க வேண்டியிருக்கும். நம் உடல் கண்ட வழி, ஆக்சானைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறையைச் சுற்றிவிட்டு, இடையிடையே சிறு கணுக்களை மட்டும் திறந்து வைப்பது. வாயில்கள் அக்கணுக்களில் குவிந்திருக்கின்றன. சைகை கணுவுக்குக் கணு தாவுவதால், மெல்லிய இழையிலும் வினாடிக்கு 100 மீட்டர் வேகம் கிட்டுகிறது. அந்த உறை சிதையும் நோயில் பார்வையும் நடையும் தடுமாறுவது இதனால்தான்.

இழையின் முடிவில் சைகை ஓர் இடைவெளியைச் சந்திக்கிறது. அடுத்த உயிரணு தொட்டுக்கொண்டு இல்லை; நடுவே 20 நானோமீட்டர் அளவு பிளவு. பெரும்பாலான சந்திகளில் மின்சைகை அங்கேயே முடிந்துவிடுகிறது. துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியத்தின் வாயில்கள் திறக்க, சிறு பைகளில் அடைத்து வைத்திருந்த வேதிப்பொருள் பிளவுக்குள் கொட்டப்படுகிறது. அது மறுகரையில் உள்ள வாயில்களைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. இதை முதன்முதலில் மெய்ப்பித்த ஓட்டோ லோவி, சோதனை முறையைக் கனவில் கண்டு நள்ளிரவில் எழுந்து குறித்துவைத்தார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, இம்முறை நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கி, அதைச் சூழ்ந்திருந்த நீரை இன்னோர் இதயத்தின்மீது விட்டார். அதுவும் மெதுவாயிற்று. 1921இல் அச்சோதனை வெளியானது.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். மின்கலமே அரிய பொருளாயிருந்த காலம் அது. நம் மாணவர்கள் தொடக்கப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கும் பின்னர் ஆங்கிலத்துக்கும் செல்கின்றனர். சிங்கப்பூரில் தொடக்கம் முதலே ஆங்கிலம். ஆகவே தமிழில் கலைச்சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வது பயன்தராது என்போரை நாங்கள் மறுக்கவில்லை. சொல்லை முன்னே நிறுத்திப் பொருளைப் பின்னே தேடும் கலைச்சொற் பட்டியல்களில் எங்களுக்கும் நம்பிக்கை குறைவு. ஆனால் அந்த மாணவி தன் ஐயத்தைத் தமிழில்தான் கேட்டாள். மூன்று மொழிகளில் பாடம் படிக்கும் பிள்ளை, ஐயப்படும்போது வீட்டு மொழிக்குத் திரும்புகிறது. அடுத்த வாரம் திரி உவமையோடு அவளிடம் போனோம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, ‘அப்படியென்றால் நரம்பின் நடுவில் தூண்டினால், இரண்டு பக்கமும் போகுமா?’ என்றாள்.

போகும். செயற்கையாக நடுவில் தூண்டினால் இருபுறமும் போகும். இயல்பாக ஒரு முனையில் தொடங்குவதால்தான் ஒரே திசை. அதைப் பாடநூல் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் கூறியிருக்கிறார். மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.